கயிற்றுக்கு இந்தப் பக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் படித்து இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கோல்ஃப் போட்டிக்குப் போயிருக்கிறார். டைகர் உட்ஸ் பத்தடி தூரத்தில் நடந்து போனாராம். "கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன் சார். அடிச்ச சத்தம் கேட்டுச்சு. பந்து எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியல. வீட்ல டிவி பார்த்துக்கிட்டிருந்த என் மனைவிக்குத்தான் தெரிஞ்சுது. அப்புறம் நேர்ல போய்ப் பார்க்கிறதுல என்ன சார் இருக்கு? நம்ம பக்கத்துல இப்படி யாரையாவது ஜனங்க போய்ப் பார்த்திருக்காங்களா?"

நெம்மேலிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே டைகர் சாளுவன்குப்பத்துப் புலிக்குகைதான் என்று பதில் போட்டுவிட்டேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. வரலாறு சொல்லிக்கொடுத்தவனிடம் இப்படிக் கேட்டால் நாலு பக்கம் எழுதாமல் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் கோல்ஃப். நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. கிரிக்கெட் போல ஓரிடத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்க்க முடியாது. மைதானம் பல ஏக்கர். 18 குழிகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. பார்க்க வருகிறவர் ஏதாவது ஒரு குழியருகே காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தமக்குப் பிடித்த வீரருக்குப் பின்னாலேயே கயிற்றோரமாக நடக்க வேண்டும். வீரர் மட்டையை ஓங்கப் போகிறார் என்றால் காவலுக்கு நிற்பவர் கையை உயர்த்துவார். ஆயிரம் பேர் கூட்டம் அப்படியே மூச்சடக்கி நிற்கும். அடி விழுந்த பிறகுதான் சத்தம். ஆக, நேரில் போனவருக்கு ஆட்டத்தின் பெரும்பகுதி தெரியாது. அந்தத் தம்பி சொன்னது சரிதான்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் வந்து ரொம்ப நாளாகிறது. கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனுக்கு வெளியே அதுதான் மிகப் பழையது. இந்தியன் ஓப்பன் போட்டி 1964-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிவைக்க உதவிய ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் தாம்சனே முதல் கோப்பையையும் வென்றார். ஆனாலும் ஆட்டம் மதில்சுவருக்கு உள்ளேயே இருந்தது. டைகர் உட்ஸும் இந்தியாவுக்கு வந்திருக்கிறார். 2014 பிப்ரவரியில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் ஒரு நாள் காட்சி ஆட்டம் ஆடினார். நீங்களும் நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விடக்கூடிய நிகழ்ச்சி இல்லை அது, அழைக்கப்பட்டவர்களுக்கானது.

ஆனால் அந்த மதிலுக்குள்ளே ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது. யாரும் அவர்களை ரசிகர்கள் என்று கணக்கில் எடுத்ததில்லை. வீரரின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கும் கேடிகள். ஏழை வீட்டுப் பையன்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், வீரரின் நிழல் விழும் தூரத்தில் நடந்தவர்கள். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, காற்று எதிரே வந்தால் என்ன செய்வது, மோசமாக அடித்த பிறகு எப்படி மனதைத் திருப்புவது என்று பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். அப்படிப் பை தூக்கிய அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். தொழில்முறை இந்திய வீரர் ஒருவர் அதை வென்றது அதுதான் முதல் முறை. பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே கோப்பையை வாங்கினார். இவர்களுக்குப் பயிற்சி முகாமும் கிடையாது, புத்தகமும் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்ததுதான் பள்ளிக்கூடம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வாருங்கள். கோல்ஃப் நம் கடற்கரைக் கிராமங்களுக்கு வரவில்லை. ஆனால் அதைப் போலவே மூச்சடக்கி நின்று பார்க்கவேண்டிய இன்னொரு ஆட்டம் வந்தது. சதுரங்கம்.

தமிழ்நாட்டில் சதுரங்கம் வளர்ந்த கதையே பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் கதைதான். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன். 1961-இல் அந்தப் பட்டம் பெற்றார். 1972-இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் ஒரு சதுரங்க மன்றம் தொடங்கியது. முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் பெயரை அதற்கு வைத்தார்கள். பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே அறையில் ஆடினார்கள். வென்றவர் உட்கார்ந்தபடி இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். திரும்பத் தன் முறை வரும்வரை நின்று மற்றவர் ஆட்டத்தைப் பார்க்கத்தான் வேண்டும். அந்த வரிசையில் நின்ற சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு உலக சாம்பியன்.

அடுத்தது 2013. அந்த ஆண்டு நவம்பரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி சென்னையிலேயே நடந்தது. ஒரு பக்கம் நம் ஆனந்த். எதிரே நார்வே நாட்டின் மாக்னஸ் கார்ல்சன், வயது 22. இடம் அண்ணா சாலையில் ஹயாத் ரீஜென்சி ஓட்டல். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். இருமினால்கூட உள்ளே கேட்காது. 10 ஆட்டங்களில் முடிந்துவிட்டது. ஒன்றில்கூட ஆனந்த் வெல்லவில்லை. ஆறரைக்கு மூன்றரை என்று கார்ல்சன் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். ஊரே சோர்ந்துபோனது நினைவிருக்கும். சொந்த ஊரில் தோற்றாரே என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசாத நாளில்லை.

ஆனால் அந்தக் கண்ணாடிக்கு வெளியே யார் இருந்தார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 7 வயதுப் பையன் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடிக்கு உள்ளே ஒரு நாள் நாமும் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததாகப் பின்னாளில் அவனே சொன்னான். அவன் பெயர் குகேஷ். அதே ஆண்டு கார்ல்சன் சென்னையில் ஒரே நேரத்தில் பல பேருடன் காட்சி ஆட்டம் ஆடியபோது 12 வயதுச் சிறுமி ஒருத்தி அவரைத் தோற்கடித்தாள். அவள் வைஷாலி. பிரக்ஞானந்தாவின் அக்கா.

சரி, இது பட்டணத்துக் கதை. நம் ஊர்ப்பக்கம் எப்போது வந்தது?

2022. அந்த ஆண்டுச் செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கே நடத்துவதில்லை என்று முடிவாயிற்று. மார்ச் 15-ஆம் தேதி சென்னைக்கு என்று அறிவித்தார்கள். ஜூலை 28-இல் தொடக்க விழா. நாலரை மாதம்தான் அவகாசம். ஆட்டம் நடந்த இடம் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி. நெம்மேலியில் பஸ் ஏறினால் கிருஷ்ணன்காரணை, பட்டிபுலம், சாளுவன்குப்பம் தாண்டி அரை மணிக்குள் போய்விடலாம். வேட்டி கட்டிய குதிரைப் பொம்மையை 'தம்பி' என்று பெயரிட்டு வழியெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் போல் கறுப்பு வெள்ளை அடித்தார்கள்.

பெரிய மனிதர்கள் நம் பக்கம் வருவது புதிதில்லை. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். அப்போது நமக்கெல்லாம் தடுப்புக்குப் பின்னால்தான் இடம். கார் போன வேகத்தில் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. ஆனால் 2022-இல் வந்தவர்கள் பதினைந்து நாள் தங்கினார்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம்.

நானும் ஒரு நாள் என் தங்கை பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது 9 வயது. வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போனதும் முதலில் தெரிந்தது அமைதிதான். ஒரு கணக்குச் சொல்கிறேன், போட்டுப் பாருங்கள். பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162. இரண்டிரண்டாக மோதினால் 94-உம் 81-உம், ஆக 175 மோதல்கள். ஒவ்வொன்றிலும் 4 பலகை. இரண்டு அரங்குகளிலும் சேர்த்து 700 பலகை, 1400 பேர். அவ்வளவு பேர் யோசித்துக்கொண்டிருக்கும் இடத்தில் கடிகாரத்தைத் தட்டும் சத்தம்தான் கேட்கிறது. 40 பிள்ளைகளை 40 நிமிடம் அமைதியாக வைத்திருக்கப் பாடுபட்டவனுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கார்ல்சன் இருந்த பலகை எங்கே என்று கேட்கவே வேண்டாம். கூட்டம் அங்கேதான் நின்றது. பட்டத்தை இனி தக்கவைக்க ஆடப்போவதில்லை என்று அவர் அறிவித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. அவர் காயை நகர்த்திவிட்டு எழுந்து மற்ற பலகைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பலகையில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தூரத்திலிருந்து காய்கள் சரியாகத் தெரியாது. வீட்டில் இணையத்தில் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு நகர்த்தலும், யார் கை ஓங்கியிருக்கிறது என்ற கணக்கும் கிடைத்திருக்கும். எங்களுக்குக் கிடைத்தது வேறு. பையன் என் காதருகே வந்து, "தாத்தா, அவரும் தண்ணி குடிக்கிறாரு" என்றான்.

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. செய்தித்தாளில் அச்சாகும்போது ஒரு மனிதர் பெயராகவும் எண்ணாகவும் ஆகிவிடுகிறார். நேரில் பார்க்கும் பிள்ளைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியைத் தேய்த்து, தண்ணீர் குடிக்கும் ஓர் ஆள். அவர் உட்கார்ந்திருப்பதும் நம் வீட்டில் இருப்பது போன்ற ஒரு நாற்காலி. அதற்கும் தனக்கும் இடையில் உள்ள தூரத்தை அந்தப் பிள்ளை முதல் தடவையாக அடியில் அளக்கிறது.

வேறு சிலர் பார்த்ததையும் சொல்ல வேண்டும். நம் பழைய மாணவர் ஒருவர் அந்தப் பதினைந்து நாளும் வீரர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டினார். ஒரு ஆட்டமும் அவர் பார்க்கவில்லை. "தோத்துட்டு வந்தா வண்டியில ஒரு பேச்சு இருக்காது சார். மறுநாள் சாயங்காலம் அதே ஆளுங்க பாட்டுப் பாடிக்கிட்டு வருவாங்க. எந்த நாடு, என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. மொகத்தப் பார்த்தே யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லிடுவேன்" என்றார். அந்தக் கோல்ஃப் கேடிகளைப் போலத்தான் இவரும். ரசிகர் பட்டியலில் பெயர் இருக்காது; ஆனால் எல்லாரையும்விடப் பக்கத்தில் இருந்தவர்.

இன்னொருத்தி, அவளும் என் மாணவிதான், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பெண்கள் அணியில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். "சார், எனக்குச் செஸ் ஒண்ணும் புரியல. அந்தம்மா எப்படி உக்காந்திருந்தாங்கன்னு மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். இவளுக்கு முதுகுவலி தெரியும். மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று தெரியும். அரங்கில் இருந்த கிராண்ட்மாஸ்டர்களுக்குத் தெரியாத ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள்.

இனி நான் இந்தப் பதிவை எழுதியதன் காரணத்துக்கு வருகிறேன்.

2013-இல் கண்ணாடிக்கு வெளியே நின்ற குகேஷுக்கு 2022-இல் வயது 16. இந்தியாவின் இரண்டாம் அணியில் முதல் பலகை. முதல் 8 ஆட்டங்களிலும் தொடர்ந்து வெற்றி. ஆகஸ்ட் 6-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவைத் தோற்கடித்தார். ஒன்பதாவது ஆட்டம் சமன். பத்தாவது ஆட்டம் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுடன். வெல்லும் நிலையில் இருந்த ஆட்டம். ஒரே ஒரு தவறான நகர்த்தல். கைநழுவிப் போய்விட்டது. அணிக்குத் தங்கம் கிடைக்கும் என்று நாடே எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. தோற்ற பிறகு பலகை முன்னால் தலையைத் தாங்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேர்வு முடிவு நாட்களைப் பார்த்தவன் நான். அந்தக் காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும். ஒரு பாடத்தில் போய்விட்டால் எல்லாமே போய்விட்டது என்று நினைக்கும் வயது. வீட்டுக்குப் போகப் பயந்து கடற்கரையில் போய் உட்கார்ந்துகொண்ட பிள்ளைகளைத் தேடிப் போய் அழைத்து வந்திருக்கிறோம். அவர்களிடம் "இதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது. காரணம், தோற்ற பிறகு ஒரு மனிதன் என்ன செய்கிறான் என்பதை அவர்கள் எங்கேயும் பார்த்ததில்லை. வென்றவர்களை மேடையேற்றி மாலை போட்டுக் காட்டுகிறோம். தோற்றவர்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள்.

சதுரங்க அரங்கில் பின்வாசல் இல்லை. தோற்றவர் அங்கேயே, எல்லார் கண்ணெதிரிலும், எதிராளிக்குக் கை கொடுக்கிறார். ஆட்டக் குறிப்புத் தாளில் கையெழுத்துப் போடுகிறார். பேனாவை மூடுகிறார். எழுகிறார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து உட்கார்கிறார். குகேஷும் மறுநாள் வந்தார். பதினோராவது ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்த அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அவருக்கு முதல் பலகைக்கான தனிநபர் தங்கம். அதே பலகைக்கான வெண்கலம் யாருக்குத் தெரியுமா? கார்ல்சனுக்கு. பெண்கள் பிரிவிலும் அப்படித்தான். முதலிடத்தில் இருந்த நம் அணி கடைசி நாளில் தோற்று வெண்கலத்துக்கு இறங்கியது. பொதுப் பிரிவின் தங்கத்தை உஸ்பெகிஸ்தானும், பெண்கள் பிரிவின் தங்கத்தை உக்ரைனும் கொண்டுபோயின. போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த பெண்கள் நம் பூஞ்சேரியில் தங்கம் வாங்கினார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் யாரும் சர்ச்சைக்கு இடமில்லாத உலக சாம்பியன் ஆனதில்லை. 2025 ஜூனில் நார்வேயில், கார்ல்சனின் சொந்த நாட்டில், அவரையே நீண்ட ஆட்டத்தில் வென்றார். கண்ணாடிக்கு வெளியே நின்ற பையன் உள்ளே போக 11 ஆண்டு ஆகியிருக்கிறது.

ஆனால் இதைச் சொல்லி, "போய்ப் பார்த்தால் சாம்பியன் ஆகலாம்" என்று நான் எழுதினால் அது பொய். 2013-இல் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்பார்கள். ஒருவர்தான் சாம்பியன். என் தங்கை பேரன் இப்போது செஸ் பலகையைத் தொடுவதில்லை. கபடி ஆடப் போகிறான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. போன மாதம் ஒரு போட்டியில் தோற்றுவிட்டு வந்தான். முகம் வாடியிருந்தது. கை காலைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு அஞ்சு மணிக்கே எழுப்பிவிடு, பயிற்சிக்குப் போகணும்" என்று அவன் அம்மாவிடம் சொன்னான். அவன் எங்கிருந்து கற்றான் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பந்து எங்கே விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் டிவி போதும். அடித்தவர் எப்படி நடந்து போனார், மோசமாக அடித்த பிறகு அடுத்த அடிக்கு எப்படித் தயாரானார் என்று தெரிய வேண்டுமானால் நேரில்தான் போக வேண்டும். நீ ஒன்றையும் தவறவிடவில்லை.

ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கடற்கரையில் அலைச்சறுக்கு நடக்கிறது, ஓட்டப் போட்டி நடக்கிறது, இனியும் பெரிய வீரர்கள் வருவார்கள். அப்போது நுழைவாயிலில் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டு வாங்கிக் கொடுங்கள். கயிறு இருக்கட்டும், அது ஒழுங்குக்கு வேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கவாவது நம் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்.

நீங்கள் யாரை நேரில் பார்த்தீர்கள்? விளையாட்டு வீரரோ, பாடகரோ, யாராக இருந்தாலும் சரி. அவர் ஜெயித்ததை எழுத வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் நின்றபோது கண்ணில் பட்ட ஒரு சின்ன விஷயத்தைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
நெம்மேலி